பதினாலாம் படுக்கையின் விரிப்பு

பழைய விரிப்பைக் கட்டிலிலிருந்து உருவுவதற்கு முன் மூலையக்கா அதை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். தலைமாட்டில் தொடங்குவாள். வலது உள்ளங்கையை அகல விரித்துத் தலையணைக்கு அடியில் நுழைத்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஓர் இழுப்பு. ஒரு சாண் கீழே இறங்கி, வலமிருந்து இடம். இப்படியே இறங்கி இறங்கிக் கால்மாட்டுக்கு வருவாள். கண் அந்த நேரத்தில் விரிப்பைப் பார்க்காது. ஜன்னலையோ, பக்கத்துக் கட்டில்காரரையோ, சுவர்க் கடிகாரத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கிற வேலை முழுக்க உள்ளங்கைக்குத்தான். கடைசியில் தலையணையைத் தூக்கி, உறையின் வாயைக் கீழே பிடித்து இரண்டு உதறு. எல்லாம் சேர்த்து இருபது விநாடி ஆகாது.

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வார்டில் இருபத்தொரு வருஷமாகப் படுக்கை விரிக்கிறாள். உள்ளங்கை கண்டுபிடித்துக் கொடுத்தவை ஏராளம். பல்செட்டுகள், மோதிரங்கள், ஒற்றைக் காதோலை, விழுங்கிவிட்டதாகச் சத்தியம் செய்யப்பட்ட மாத்திரைகள், ஒரு முறை தீப்பெட்டிக்குள் உயிரோடு ஒரு பொன்வண்டு. பேரன் தாத்தாவுக்குத் துணைக்கு விட்டுப்போனதாம். இவளிடமிருந்து ஒரு நோயாளியின் பொருள் தொலைந்ததில்லை. இதை அவள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள், தினமும்.

மூலையக்கா என்ற பெயர் நோயாளிகள் வைத்தது. விரிப்பின் மூலையை அவள் மடித்துச் செருகினால் தபால் உறையை ஒட்டியதுபோல் இருக்கும். "இவங்க விரிச்ச கட்டில்ல படுத்தா எந்திரிக்க முடியாது, முத்திரை குத்தி அனுப்பத்தான் முடியும்" என்று எவரோ சொன்னதிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் கதை வேறு. வீட்டுக் கட்டிலை அவள் தொடுவதே இல்லை. பஸ் மெக்கானிக்கான அவள் கணவர்தான் கிரீஸ் போகாத விரல்களால் காலையில் போர்வையை மடித்து வைப்பார். "ஊருக்கெல்லாம் விரிக்கிறா, நம்ம கட்டில மட்டும் அனாதையா விட்டுட்டா" என்பார். "சம்பளம் குடு, விரிக்கிறேன்" என்பாள் அவள்.

வார்டில் படுக்கை என்றால் கட்டில் அல்ல, மெத்தை அல்ல, விரிப்பும் அல்ல. ஆள். 'எட்டாம் படுக்கைக்குக் காய்ச்சல் விடல', 'மூணாம் படுக்கை சண்டை போடுது' என்றுதான் பேச்சு. 'படுக்கை காலி' என்ற இரண்டு சொல்லுக்குள் வீட்டுக்குப் போனவரும் இருப்பார், வீட்டுக்குப் போகாமலே போனவரும் இருப்பார். சொல்கிறவரின் குரலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். வந்த புதிதில் மூலையக்காவுக்கு இது குமட்டியது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதும் சில நாள் குமட்டும்.

பதினாலாம் படுக்கை ஒரு லிஃப்ட்காரர். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். மனைவி போய்ப் பல வருஷமாகிறது. தரைத்தளத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். "ஏறி எறங்குனது போதும்மா, இனிமே தரைதான்" என்பார். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து வந்தவர். எலும்பு கூடிவிட்டது. வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல்.

வியாழன்தோறும் மூன்று மணிக்கு ஒரு டாக்டர் வருவார். வார்டில் அவருக்குப் பெயர் கேள்வி டாக்டர். வயதானவர்களிடம் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாடி, நான் சொல்கிற மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள். மொத்தம் முப்பது மதிப்பெண். குறைந்தால், 'தனியாக வசிக்க இயலாது' என்று கோப்பில் ஒரு வரி ஏறும். போன வியாழன் லிஃப்ட்காரர் வாங்கியது பதினொன்று.

மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறவர், கெட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் இரவு முழுக்கப் பயணம் செய்து, கண் சிவந்து, பழப்பையோடு வந்து நிற்பார். "இன்னொரு தடவ விழுந்தா யாரு பாப்பா, சிஸ்டர்? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறார். நான் அங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன்?" என்பார். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்திருந்தார். அங்கே ஒரு படுக்கை காலி. வெள்ளிக்கிழமை காலைக்குள் சொல்லிவிட வேண்டும். வார்டு சிஸ்டர் கெஞ்சியதில் கேள்வி டாக்டர் இரண்டாம் முறை சோதிக்க ஒப்புக்கொண்டார். அதுதான் இந்த வியாழன், மூன்று மணி.

மூலையக்காவுக்குப் பதினொன்று என்ற எண்ணைச் செரிக்க முடியவில்லை. தினமும் காலையில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதிக் கட்டிலை விரித்து, இந்தப் பக்கம் புரட்டி மறுபாதியை விரிக்கும்போது இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்வார்கள். எந்த மாடிக்காரர் லிஃப்டில் தலை வாருவார், யார் அழுவார்கள், ஏழாம் மாடிக் கணக்காளரும் நான்காம் மாடித் தட்டச்சுக்காரியும் எந்த வருஷம் பேச்சை நிறுத்தினார்கள், எல்லாம் தேதியோடு சொல்வார். இவரா பதினொன்று? ஆனால் உடனே இன்னொரு குரலும் வரும். நீ யார்? படுக்கை விரிக்கிறவள். டாக்டர் பார்த்ததை உன் உள்ளங்கையா பார்க்கப் போகிறது?

புதன் இரவே அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. "பரீட்சை அவருக்கா உனக்கா?" என்றார் கணவர்.

வியாழன் மதியம் பன்னிரண்டரைக்குச் சூப் வந்தது. லிஃப்ட்காரர் சாப்பிடும்போது காதுக் கருவியைக் கழற்றித் தலையணை ஓரமாக வைப்பார். மென்றால் நழுவுகிறதாம். அன்றைக்கு மகன் வருகிற நாள், கை சரியாகிவிட்டது என்று காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கிண்ணத்தை வலக்கையாலேயே தூக்கினார். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. கிண்ணம் கவிழ்ந்தது. சூப் முழுவதும் மடியிலும் விரிப்பிலும்.

வேறு யாராக இருந்தாலும் முதலில் ஆளைப் பார்த்திருப்பார்கள். மூலையக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மெத்தை. பதினாலாம் மெத்தையின் ரெக்சின் உறை, ரப்பர் ஷீட் எட்டாத ஓரத்தில், தையலோடு நாலு விரல் நீளம் கிழிந்திருந்தது. ஸ்டோரில் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் புதிதாக வரவில்லை. பிளாஸ்திரி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அதன் வழியாகச் சூப் ஸ்பாஞ்சுக்குள் இறங்கினால் மெத்தையைக் கழித்துவிடுவார்கள். போன முறை ஒரு மெத்தை கழிந்தபோது ஒன்பது நாள் அந்தக் கட்டில் வெறும் கம்பியாகக் கிடந்தது. ஈரம் கிழிசலை நோக்கி விரைந்துகொண்டிருந்தது.

அவரை ஒரே தூக்கில் நாற்காலிக்கு மாற்றினாள். நாலு மூலையையும் உள்ளே தள்ளி, மேல்விரிப்பு, குறுக்கு விரிப்பு, ரப்பர் ஷீட், தலையணை உறை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி மஞ்சள் பையில் அமுக்கினாள். ஈரத்துணிக்கு மஞ்சள் பை, அது நிற்கக் கூடாது என்பது விதி. நடைபாதையின் கோடியில் அடித்தளச் சலவைக்கூடத்துக்கு இறங்கும் துணிக்குழாய் இருக்கிறது. பையை அதற்குள் விட்டு, அது சரசரவென்று இறங்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடிவந்து மெத்தையைத் துடைத்தாள். கிழிசலுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே ஈரம் நின்றிருந்தது.

"பொழைச்சுது" என்றாள் மெத்தையைப் பார்த்து.

புது விரிப்பைப் போட்டு, மூலை மடித்து, அவரைத் திரும்பப் படுக்கவைத்து, முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் துணி அவர் வலது காதைத் தாண்டியது. காது வெறுமையாக இருந்தது. தலையணை ஓரத்தைப் பார்த்தாள். புது உறை, வெள்ளை வெளேரென்று.

உள்ளங்கை சில்லிட்டது. தடவிப் பார்க்கவில்லை. இருபத்தொரு வருஷத்தில் முதல் முறை.

"ஐயா, மெஷின்? காது மெஷின் எங்க வச்சீங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். புரிந்துகொண்டு கையை வீசினார். "போனாப் போவுது, விடும்மா."

பெரிய மனசு என்றுதான் அவள் நினைத்தாள். அந்தப் பெரிய மனசு அவளை இன்னும் பயமுறுத்தியது. மணி ஒன்று ஐந்து. இன்னும் இரண்டு மணி நேரத்தில் கேள்வி டாக்டர் வந்து உட்காருவார். கருவியோடே பதினொன்று. கருவி இல்லாமல்?

படிகளில் எப்படி இறங்கினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. அடித்தளத்தில் நீராவியும் சோடா வாசனையும் முகத்தில் அடித்தன. சலவைக்கூடத்துக்காரருக்கு நுரை என்று பெயர். எதற்கும் பொங்கிவிட்டு உடனே அடங்கிவிடுவார். வேட்டு மாதிரி சிரிப்பார்.

"வாக்கா! மேல மூலையெல்லாம் தீந்துபோச்சா, இங்க தேடிக்கிட்டு வந்துட்ட?"

"மஞ்சப் பை. இப்ப வந்துச்சே, சூப் கொட்டுனது. எங்க?"

"மஞ்சப் பை நிக்கக் கூடாதுன்னு சட்டம் பேசுறது யாரு? நீதானே? நிக்கல. உள்ள போயிடுச்சு."

பெரிய இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையும் நுரையும் புரண்டுகொண்டிருந்தன.

"நிறுத்துப்பா!"

"நிறுத்துனாலும் கதவு தொறக்காதுக்கா. தண்ணி வடிஞ்சாத்தான் பூட்டு விடும். ஐம்பது நிமிஷம். என்ன விஷயம், மோதிரமா?"

"காது மெஷின்."

நுரையின் சிரிப்பு அடங்கியது. "பதினாறு வருஷத்துல எட்டு காது மெஷின் துவைச்சிருக்கேன். நல்லா வெளுத்து வந்துச்சு. ஒண்ணுக்கும் அப்புறம் காது கேக்கல" என்றார். சொன்னபிறகு அவள் முகத்தைப் பார்த்து, "சரி சரி, பன்னெண்டு மஞ்சப் பை வந்துச்சு. ஆறுதான் உள்ள. ஆறு வெளியில இருக்கு. உன்னோடது வெளியிலயே இருக்கலாம்ல" என்று கையுறையை நீட்டினார்.

ஆறு பைகளையும் பிரித்தார்கள். ஈரத்துணிக்குள் கைவிட்டுக் கைவிட்டு உள்ளங்கை தேடியது. ஒரு கரண்டி கிடைத்தது. ஒரு தெர்மாமீட்டர். யாருடைய மகளோ சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் புகைப்படம். விரிப்புகளின் ஓரத்தில் அழியாத மையால் வார்டு எண்ணை எழுதுவது மூலையக்காவின் வேலை. அதனால் பாதி விரிப்புகள் அவள் கையெழுத்திலேயே அவளைத் திரும்பிப் பார்த்தன. எதிலும் சூப் வாசனை இல்லை.

அப்படியானால் உள்ளேதான். வட்டக் கண்ணாடி முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். துணி ஏறியது, விழுந்தது, ஏறியது, விழுந்தது. தோல் நிறத்தில் சின்னதாக எது தெரிந்தாலும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டினாள். நுரைக்குமிழி. மறுபடி நுரைக்குமிழி. மூன்று மாதத்துக்கு முன் இரண்டாம் மாடியில் ஒரு சங்கிலி காணாமல் போய், அங்கே படுக்கை விரித்தவளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சங்கிலி பிறகு மருமகளின் கைப்பையில் இருந்தது. அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைவிட அதிகமாக நினைவில் நின்றது, யாரோ விரித்து வைத்திருக்கும் ஒரு காலிப் படுக்கை. வெள்ளிக்கிழமை காலைக்குள் நிரம்ப வேண்டிய படுக்கை.

பூட்டு விட்டது. ஒவ்வொரு விரிப்பாக எடுத்து உதறினார்கள். உறைகளைப் புரட்டினார்கள். நுரை உருளைக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். இல்லை.

"பொடிஞ்சு தண்ணியோட போயிருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. நீ எதுவும் சொல்லாத. காணோம்னு மட்டும் சொல்லு. வயசான மனுஷன், எங்க வச்சாரோ, யாருக்குத் தெரியும்? பதினோரு மார்க் ஆளு. அவரே மறந்துட்டார்னா எல்லாரும் நம்பிடுவாங்க."

மூலையக்கா அவரையே பார்த்தாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. எல்லோரும் நம்புவார்கள்தான். ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அவர் தன் காதையே தொலைத்துவிட்டார் என்று கோப்பில் இன்னொரு வரி ஏறும். அவ்வளவு சுலபம். அவள் கையுறையைக் கழற்றினாள்.

"மணி என்ன?"

"ரெண்டு ஐம்பது."

மேலே ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு முடிவு எடுத்தாள். முதல் மாடியில் சொல்லிவிடுவது என்று. இரண்டாம் மாடியில் சிஸ்டரிடம் மட்டும் தனியாகச் சொல்வது என்று. மூன்றாம் மாடியில் முதலில் மூச்சு வாங்கிக்கொள்வது என்று.

கேள்வி டாக்டர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன், பழப்பை மடியில். சிஸ்டர் கால்மாட்டில். மூலையக்கா எதிர்க் கட்டிலுக்குப் போய், மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தலையணை உறையைக் கழற்றத் தொடங்கினாள்.

டாக்டர் தாளில் குனிந்தபடி, படிக்கிற வேகத்தில் கேட்டார். "இன்னைக்கு என்ன கிழமை?"

லிஃப்ட்காரர் அவருடைய தலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மரியாதையாகச் சொன்னார். "நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். கொஞ்சம் கொட்டிடுச்சு."

டாக்டரின் பேனா ஒரு வட்டம் போட்டது. மகன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்ன மாசம்?"

"ஆமா டாக்டர்."

இன்னொரு வட்டம்.

மூலையக்கா இருபத்தொரு வருஷத்தில் எந்த டாக்டரிடமும் 'சரிங்க டாக்டர்' என்பதற்கு மேல் பேசியதில்லை. அவள் கையில் பாதி கழன்ற உறையோடு தலையணை இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலடி நடந்து வந்தது அவள் கால்கள்தான்.

"டாக்டர், நிறுத்துங்க."

மூன்று தலைகள் திரும்பின. சிஸ்டரின் பார்வை அவளை அங்கேயே பொசுக்கியது.

"அவருக்குக் காது கேக்கல டாக்டர். மெஷின் இல்ல. மதியம் நான்தான் விரிப்போட சுருட்டிக் கீழ அனுப்பிட்டேன். தடவிப் பாக்கல. மெத்தை நனைஞ்சிடும்னு அவசரப்பட்டுட்டேன். அது மெஷின்ல போயிடுச்சு. அவர் தொலைக்கல. நான்தான்."

தலையணையை இன்னும் இறுக்கினாள்.

"ஏங்க, இன்னைக்குப் போயா?" என்றார் மகன். கோபமாகக்கூட இல்லை. அழுகிற குரல். டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"நாளைக்கு அவங்களுக்குப் பதில் சொல்லணும் டாக்டர். இல்லன்னா எடம் போயிடும்."

"அப்ப போன வார மார்க்கை வச்சுத்தான் நான் எழுதணும்."

லிஃப்ட்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், லிஃப்டில் எந்த மாடி விளக்கு எரிகிறது என்று பார்ப்பதுபோல.

"எழுதிக் காட்டலாமே டாக்டர்" என்றாள் மூலையக்கா. இவ்வளவு பேசியாயிற்று, இனி என்ன. "கண்ணு நல்லாத் தெரியும் அவருக்கு. பேப்பர் படிப்பார்."

டாக்டர் யோசித்தார். ஒரு தாளை எடுத்து முதல் கேள்வியை எழுதி நீட்டினார். லிஃப்ட்காரர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இது மருந்துச் சீட்டுங்களா?" என்றார்.

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தை நேராக்கியிருந்தாள். "அக்கா, நீங்க எழுதுங்க. விரிப்புல எழுதுறீங்கல்ல, அந்த மாதிரி" என்றாள்.

துணிக்கணக்குச் சீட்டுக் கட்டையும் மைப்பேனாவையும் எடுத்துவந்து, சீட்டின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் நூறு முறை துவைத்தாலும் படிக்கக்கூடிய எழுத்து. குண்டு குண்டாக, ஒன்றையொன்று இடிக்காமல். டாக்டர் அவள் காதோரம் சொல்லச் சொல்ல, அவள் எழுதி எழுதிக் காட்டினாள்.

கிழமை, சரி. மாசம், சரி. வருஷம், சரி. 'இது எந்த மாடி?'

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணுன்னு எழுதி வச்சிருக்கான். அது தப்பு. தரைத்தளத்தையே ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்சிட்டான் இங்க. முறையாப் பாத்தா ரெண்டு. உங்களுக்கு எது வேணும்?"

டாக்டர் முதல் முறையாகத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "ரெண்டுக்கும் மார்க் குடுக்க எடமில்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஒரு சரி போட்டார்.

மூன்று சொற்களை எழுதிக் காட்டி, மறைத்து, பிறகு கேட்டார்கள். கதவு, ஆப்பிள், கடிகாரம். இரண்டு உடனே வந்தது. மூன்றாவதுக்கு அவர் நெற்றியைச் சுருக்கினார். கடிகாரம் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்துவிடாமல் இருக்கத் தன் செருப்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் அவரும் பார்ப்பார். அது காப்பியடித்தது ஆகிவிடும். இவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லிவிட்டு இப்போது போய்.

"கடிகாரம்" என்றார் அவர்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்ததில் ஓரிடத்தில் தடுமாறினார். ஐங்கோணத்தைப் பார்த்து வரைந்ததில் மணிக்கட்டு நடுங்கி ஒரு கோடு விலகியது. கடைசிக் கேள்வி, 'உங்கள் விருப்பப்படி ஒரு வாக்கியம் எழுதுங்கள்.' அவர் மைப்பேனாவை வாங்கினார். மெதுவாக எழுதினார். மகன் எட்டிப் பார்த்தார்.

'எனக்கு என் படுக்கையில் போய்ப் படுக்க வேண்டும்.'

டாக்டர் கூட்டினார். இருபத்தாறு. இன்னொரு முறை கூட்டினார். அதே இருபத்தாறு.

மகன் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். திரும்பி வந்தவர், "படுக்கை வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

சனிக்கிழமை லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போனார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைப்பது, பக்கத்துக் கடைக்காரர் காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. 'படுக்கை காலி' என்று சிஸ்டர் சொன்னபோது மூலையக்கா அந்தக் குரலை நின்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கு மெமோ வந்தது. 'நோயாளியின் உடைமையைக் கவனக்குறைவால் இழந்தமைக்கு' என்று தொடங்கியது. தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் வேலைக்குப் பாதகமில்லை, எச்சரிக்கை மட்டும் என்று முடிந்தது. கணவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "மெத்தையக் காப்பாத்துனதப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே" என்றார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வார்டில் சில படுக்கைகளை இரண்டு முறை தடவினாள், மூன்று முறையும் தடவினாள். அந்தப் பதற்றம் இறங்க ஒரு மாதம் ஆயிற்று.

அதற்கு அப்புறம்தான் ஒரு நாள் நுரை மேலே ஏறிவந்தார், கையில் ஒரு பஞ்சுப் பொட்டலத்தோடு. இயந்திரத்தின் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுவார்களாம். நூலும் பொத்தானுமாகச் சேர்ந்திருந்த கசட்டுக்குள் அது இருந்ததாம். "ஒம்பதாவது" என்று பஞ்சைப் பிரித்துக் காட்டினார்.

வேலை செய்யாது என்று தெரிந்தும், அவருடைய பொருள் அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும் என்று விடுமுறை நாளில் மூலையக்கா அவர் அறையைத் தேடிப் போனாள். கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரக் கட்டில், ஒரு பக்கம் தொங்கும் பூப்போட்ட விரிப்பு, தலையணை மேல் செய்தித்தாள். அவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"ஐயா, உங்க மெஷின் கெடைச்சிருச்சு. ஆனா தண்ணியில போயிடுச்சு. உள்ள பேட்டரி துருப்பிடிச்சிருக்கும், கடையில குடுத்துப் பாத்தா…" என்று கதவுப் பக்கம் திரும்பி, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"இந்தப் பக்கம் பாத்துப் பேசும்மா, வாயப் பாத்தாத்தான் எனக்குப் புரியும்."

அவள் திரும்பி, மறுபடி சொன்னாள்.

அவர் பொட்டலத்தை வாங்கினார். நகத்தால் கருவியின் பின்பக்கத்துச் சின்ன மூடியைத் தள்ளினார். உள்ளே குழி மட்டும் இருந்தது. துரு இல்லை, பேட்டரியும் இல்லை.

"காதுக்குள்ள ஒரே விசில்மா, தாங்க முடியல. போன மழைக்காலத்துலயே பேட்டரியக் கழட்டிட்டேன்" என்றார் அவர். "பையன் ஆசையா வாங்கிக் குடுத்தது. அதனால சும்மா மாட்டிக்கிட்டிருந்தேன்."